புதுப்பிப்பு: கிளட்ச் வழுக்கியதற்கு எண்ணெய்க் கசிவே காரணம்

மாருதி ஜிப்ஸி ஜீப்பின் 1298 சிசி எஞ்சினை வைத்து நான் கட்டிய வண்டி, மேட்டில் மூன்றாவது கியரில் எஞ்சின் சுற்று ஏறியும் வேகம் கூடாமல் திணறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது எஞ்சினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கவில்லை. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) கசிந்ததால், பிளேட்டின் உராய்வுப் பரப்பு முழுவதும் எண்ணெயில் ஊறியிருந்தது. பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால் இதே வேலையை மறுபடியும் செய்ய நேர்ந்திருக்கும். ஆகவே சீல், பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் அனைத்தையும் புதிதாகப் போட்டு, கிளட்ச் பிளேட் உராயும் ஃப்ளைவீலின் முகத்தையும் சீராக்கினேன். கியர்பாக்ஸிலிருந்து சக்கர அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ்களையும் (மூட்டுகளில் உள்ள சிலுவை வடிவ இணைப்புகள்) மாற்றினேன். அந்த ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற யோக்குகள் ஒரே தளத்தில் அமையாவிட்டால் அதிர்வு வரும் என்பதால், கழற்றுமுன் பெயிண்டால் குறியிட்டு வைத்தது பெரிதும் உதவியது. அதே மேட்டில் இப்போது வண்டி தடையின்றி ஏறுகிறது. முதல் 500 கிலோமீட்டருக்கு அதிகச் சுமையின்றி ஓட்டவிருக்கிறேன்.