முழுநேர ஊழிய அழைப்பு: தேவனுடையதா, சொந்த ஆசையா? சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஒலிவமரம் (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவருக்கு, அதை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற பாரம் பல மாதங்களாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதத்தைத் திறந்தால் "புறப்பட்டுப் போ" என்கிற மாதிரி வசனங்களே கண்ணில் படுகின்றன. வெளியிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், "கர்த்தர் உன்னை அழைக்கிறார்" என்று தீர்க்கதரிசனமும் சொல்லிவிட்டார். வீட்டில் சம்மதம் இல்லை.

1. இது தேவனுடைய அழைப்புதானா என்று எப்படிப் பிரித்தறிவது? "ஜெபியுங்கள்" என்பது தெரியும். அதோடு கூட என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.
2. கிதியோனைப் போல அடையாளம் கேட்கலாமா?
3. அழைப்பு உறுதியான பிறகும் பயம் போகவில்லை என்றால்?

---

பெரேயா வாசகன்

இரண்டாவது கேள்வி சீக்கிரம் முடியும், அதிலிருந்தே தொடங்குகிறேன். நியாயாதிபதிகள் 6ஐ முதலிலிருந்து வாசியுங்கள். 14ஆம் வசனத்திலேயே கிதியோனுக்குக் கட்டளை வந்துவிட்டது. ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, பனி அதில் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்பது 36ஆம் வசனத்துக்குப் பிறகுதான். தேவசித்தம் என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும், நம்புவதற்குத்தான் தைரியம் வரவில்லை. கர்த்தர் அதைப் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக அது நமக்கு ஒரு முறையாகிவிடாது.

ஆதியாகமம் 24 வேறு ரகம். ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரனிடம் பத்து ஒட்டகங்கள் இருந்தன. தாகத்தோடு வரும் ஒட்டகம் ஒன்றே நூறு லிட்டர் வரை குடிக்கும். முன்பின் தெரியாதவனுடைய ஒட்டகங்களுக்குத் தானாக முன்வந்து தண்ணீர் மொண்டு வார்க்கிற பெண் யாரோ அவளே என்று அவன் கேட்ட அடையாளம், அவளுடைய குணத்தையே சோதித்துவிடுகிறது. "நாளைக் காலை இன்னார் போன் செய்தால் அழைப்பு உண்மை" என்று கேட்பதில் எதுவும் சோதிக்கப்படுவதில்லை.

கண்ணில் படுகிற வசனங்களைப் பற்றி: மனதில் ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தால் அதையொட்டியவையே கண்ணில் படும். இதற்கு மாற்று எளிது. ஒரு சுவிசேஷத்தையும் ஒரு நிருபத்தையும் அதிகாரம் தவறாமல் வரிசையாக வாசியுங்கள். அழைப்புக்குச் சாதகமாகத் தெரிவதைக் குறித்துக்கொள்வது போலவே தடுப்பதாகத் தெரிவதையும் குறியுங்கள். "புறப்பட்டுப் போ" கணக்கில் வருமானால், சொந்த வீட்டாரைப் பராமரிக்காதவனைப் பற்றிய 1 தீமோத்தேயு 5:8ம் கணக்கில் வர வேண்டும்.

தீர்க்கதரிசனத்தைப் பொறுத்தவரை இரண்டு பகுதிகள் போதும். 1 இராஜாக்கள் 13இல் தேவனுடைய மனுஷனுக்கு நேரடிக் கட்டளை இருந்தது. ஒரு கிழவனான தீர்க்கதரிசி "தூதன் என்னோடு பேசினான்" என்று பொய் சொன்னான், இவன் நம்பிப் போனான், வழியில் சிங்கம் கொன்றது. அப்போஸ்தலர் 21இல் அகபு சொன்னது உண்மை. எருசலேமில் பவுல் கட்டப்படுவார் என்றார், அப்படியே ஆனது. ஆனால் "அப்படியானால் போகாதீர்" என்று கூடியிருந்தவர்கள் எடுத்த முடிவை பவுல் ஏற்கவில்லை. ஆகவே யாராவது ஒரு வார்த்தை சொன்னால், சொன்னது எது, அதிலிருந்து நாமாக ஊகித்தது எது என்று இரண்டாகப் பிரித்து எழுதி வையுங்கள். "அழைக்கிறார்" என்று அவர் சொன்னாரென்றால், "அடுத்த மாதமே வேலையை விடு" என்று அவர் சொல்லவில்லை.

இனி முதல் கேள்வி. உள்ளத்தில் கேட்கும் அழைப்பு ஒன்று, சபை முறைப்படி கொடுக்கும் அழைப்பு இன்னொன்று என்று சீர்திருத்தவாதி கால்வின் பிரித்துச் சொன்னார். ஊழியத்துக்கு இரண்டும் வேண்டும். அப்போஸ்தலர் 13ஐப் பாருங்கள். அந்தியோகியாவில் ஐந்து பேருடைய பெயர் இருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே ஊழியம் செய்துகொண்டும் உபவாசித்துக்கொண்டும் இருக்கையில் வார்த்தை வந்தது. அதன் பிறகும் மறுபடி உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்தே பர்னபாவையும் சவுலையும் அனுப்பினார்கள். தமஸ்கு வழியில் சவுல் (பிற்பாடு பவுல்) அழைக்கப்பட்டதற்கும் இதற்கும் நடுவே பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

எனவே போதகரிடமும் மூப்பர்களிடமும் போய் "எனக்கு அழைப்பு உண்டா?" என்று கேட்காதீர்கள். "ஜெபிக்கிறோம்" என்பதுதான் பதிலாக வரும். "கண்காணிக்குரிய தகுதிகளைச் சொல்லும் 1 தீமோத்தேயு 3:2-7ஐ ஒவ்வொன்றாக எடுத்து என்னை மதிப்பிடுங்கள், எதில் குறை?" என்று கேளுங்கள். 6ஆம் வசனம் நூதன சீஷனாய், அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாய், இருக்கக் கூடாது என்று காரணத்தோடு சொல்கிறது. அதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை!

---

அமைதிச்செபம்

கத்தோலிக்க மரபில் இதைத் தெளிந்து தேர்தல் என்போம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த முறை இன்றும் தியானங்களில் அப்படியே பயன்படுகிறது. முடிவெடுக்க மூன்று வேளைகள் உண்டு என்கிறார் அவர். சந்தேகத்துக்கே இடமில்லாமல் இறைவன் இழுத்துக்கொள்வது முதல் வகை, மத்தேயுவுக்கும் பவுலுக்கும் நடந்தது போல. ஆறுதலும் (இறைவனிடம் இழுக்கும் நிறைவு) வறட்சியும் (அவரிடமிருந்து விலகினதுபோன்ற சோர்வு) மாறி மாறி வர, அவற்றின் போக்கைப் பார்த்துத் தெளிவது இரண்டாவது. மனம் அமைதியாக இருக்கையில் அறிவைக் கொண்டு எடைபோடுவது மூன்றாவது. பெரும்பாலானோர் தங்களுக்கு முதல் வகை வேண்டும் என்று காத்திருந்தே காலத்தை விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை.

மூன்றாவதைச் செய்யும் விதம்: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "இறைவனுக்காக வாழ்வதா" என்று எழுதினால் அது கேள்வியே ஆகாது. "இந்த ஆண்டு முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டு இறையியல் படிப்பில் சேர்வதா" என்று எழுத வேண்டும். பிறகு எந்தப் பக்கமும் சாயாத மனநிலைக்காகச் செபியுங்கள். அது வருவதற்கு முன்பே எழுதத் தொடங்கினால் பட்டியல் பொய்யாகிவிடும். அடுத்து நான்கு பத்தி: போனால் நன்மை, போனால் தீமை, போகாவிட்டால் நன்மை, போகாவிட்டால் தீமை. பலர் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். "போகாவிட்டால் நன்மை" என்ற பத்தியில்தான் நாம் பார்க்க விரும்பாத உண்மைகள் வந்து உட்காரும். எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்க வேண்டாம், எந்தக் காரணம் கனமானது என்று பாருங்கள். கடைசியில் எடுத்த முடிவைச் செபத்தில் இறைவனிடம் ஒப்படைத்து, அவர் அதை உறுதிப்படுத்தும்படி கேட்க வேண்டும். இதோடு இன்னொரு சோதனையும் தருகிறார்: முன்பின் பார்த்திராத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? சாகும் தறுவாயில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள்?

இரண்டாவது வகைக்குக் குறிப்பேடு வேண்டும். தேதி, செபத்தில் எழுந்த எண்ணம், அப்போதைய உணர்வு, சில மணி நேரம் கழித்து மனம் இருந்த விதம். இந்தக் கடைசிக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு எண்ணம் தொடக்கத்தில் இனித்து, நடுவில் அலைக்கழித்து, கடைசியில் செபத்தையும் அன்பையும் வற்றச் செய்தால் அதன் மூலத்தைச் சந்தேகிக்க வேண்டும். தூக்கமின்மை, உடல்நலக் குறைவு இருந்த நாள்களையும் குறித்து வையுங்கள். ஒன்றரை மாதமாவது எழுதிய பிறகு மொத்தமாக வாசியுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, வறட்சியில் முடிவெடுப்பது. வறட்சி நேரத்தில் முந்தைய முடிவை மாற்றவே கூடாது என்பது இஞ்ஞாசியாரின் விதி. மேலாளரோடு சண்டை போட்ட வாரத்தில் "இறையழைத்தல்" உரக்கக் கேட்கும், அது தப்பி ஓடும் ஆசை. மற்றொன்று, தியானம் முடிந்த கையோடு திட்டம் போடுவது. ஆறுதல் இறைவனுடையதாகவே இருக்கலாம், ஆனால் அதன் சூடு தணியாத அடுத்த மணி நேரங்களில் நம் சொந்தக் கணக்குகள் அதே குரலில் பேசத் தொடங்கிவிடும்.

துறவறத்தில் திருச்சபை சட்டமே அவசரத்தைத் தடுக்கிறது. நவதுறவு எனும் தொடக்கப் பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம், அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) குறைந்தது 3 ஆண்டு, அதற்குப் பிறகே நித்திய வார்த்தைப்பாடு. அதுவரை வெளியேறுவது தோல்வியாகாது. அந்தக் காலமே அதற்காகத்தான் இருக்கிறது.

---

கூடாரத்தொழில்

கேள்வியின் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வேலையை விட்டால்தான் அழைப்பை ஏற்றதாகுமா? 1 கொரிந்தியர் 7:20, அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையிலேயே நிலைத்திருக்கச் சொல்கிறது. செருப்புத் தைப்பவரின் வேலையும் குருவின் வேலையும் தேவனுக்கு முன் ஒரே மாதிரி அழைப்பே என்பதற்காக லூத்தர் அவ்வளவு வாதாடினார். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லாவோடு கூடாரம் பண்ணிக்கொண்டேதான் பிரசங்கித்தார் (அப்போஸ்தலர் 18:3).

முதலில் திரும்பி வரக்கூடிய அடியை எடுத்து வையுங்கள். பட்டமோ மேடையோ இல்லாத ஒரு பொறுப்பு, ஒருவருடைய மேற்பார்வையில், வாரந்தோறும், ஒரு வருஷம். நோயாளிகளைச் சந்திப்பது, சிறுவர்களுக்குப் போதிப்பது, நாற்காலி அடுக்குவது. யாரும் பார்க்காத வேலையில் மூன்றாவது மாதமே ஆர்வம் வடிந்தால், ஆசைப்பட்டது மேடைக்குத்தான்.

வீட்டு எதிர்ப்பை "சத்துருவின் தடை" என்று தள்ளிவிடாதீர்கள். லூக்கா 14:28 செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கச் சொல்கிறது. மாதச் செலவு, கடன் பாக்கி, உங்களை நம்பி இருப்பவர்கள், மருத்துவச் செலவு என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் முன் வையுங்கள். கடன் இருந்தால் முதலில் அடைத்துவிடுங்கள். குறைந்தது ஆறு மாதச் செலவு கையிருப்பில் இருக்கட்டும். பெரும்பாலான எதிர்ப்பு அழைப்புக்கு இல்லை, இந்தத் தாள் இல்லாததற்குத்தான். மனைவியோ கணவனோ உடன்படவில்லை என்றால் மட்டும் கணக்கே வேறு: அங்கே நிறுத்துங்கள்.

---

ஒலிவமரம்

மூவருக்கும் மிக்க நன்றி. நான்கு பத்தி முறை புதிது. சபையில் "காத்திரு" என்று மட்டும் சொல்லி, எவ்வளவு காலம் என்று சொல்லாவிட்டால்? மூன்றாவது கேள்வியும் பாக்கி இருக்கிறது.

---

பெரேயா வாசகன்

தேதியும் அளவுகோலும் கேளுங்கள். "எதில் வளர வேண்டும், யார் பார்ப்பார், எந்த மாதத்தில் மறுபடி பேசலாம்?" இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத காத்திருப்பு வெறும் தள்ளிப்போடுதல். அப்படியானால் உங்களை நன்கு அறிந்த, ஆனால் உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத வேறு இருவரிடம் கேளுங்கள். இருவருமே "வேண்டாம்" என்றால் அதைக் கனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பயத்துக்கு யாத்திராகமம் 3, 4. மோசே ஐந்து முறை தட்டிக்கழிக்கிறார். நான் எம்மாத்திரம், உம்முடைய நாமம் என்ன, நம்பமாட்டார்கள், நான் திக்குவாயன், வேறு யாரையாவது அனுப்பும். முதலாவதற்குக் கிடைத்த பதில் "உன்னால் முடியும்" என்றில்லை, "நான் உன்னோடே இருப்பேன்" என்பது. நாலாவதற்குப் பேச்சுத்திறனைக் கொடுத்துவிடவில்லை, வாயோடே இருந்து பேச வேண்டியதைப் போதிப்பேன் என்றார். ஐந்தாவதற்குத்தான் கோபம் மூண்டது, அப்போதும் ஆரோனைத் துணைக்குத் தந்தார். முதல் நான்கும் பயம், கடைசியானது மறுப்பு. பயத்தோடு கீழ்ப்படியலாம்.

---

அமைதிச்செபம்

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு, எந்தச் சபையினரும் எடுத்துக்கொள்ளலாம். நம்பிக்கையான ஐந்தாறு பேர் மூன்று மணி நேரம் உட்காருவார்கள். பிரச்சினையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம், அறிவுரை கூடாது. "அந்தப் படிப்பில் சேர்ந்தால் என்ன?" என்பது கேள்வி வேஷம் போட்ட அறிவுரை, அதுவும் கூடாது. இடையிடையே மௌனம். ஒருவர் குறிப்பெடுத்துக் கடைசியில் உங்களிடமே கொடுத்துவிடுவார், வெளியே யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. நான்கு பத்தியை எழுதிய பிறகு இதைச் செய்யுங்கள். முதலிலேயே செய்தால் அவர்களுடைய கேள்விகளே உங்கள் பட்டியலாகிவிடும்.