உதவி: ரிச்டெக்ஸ்ட்பாக்ஸில் திரும்பத் திரும்ப எக்ஸெப்ஷன், அவசரம்

அரைப்புள்ளி:
வணக்கம். சி ஷார்ப்பில் ஒரு சின்ன நிரல். லாக் கோப்பை (நிகழ்வுப் பதிவு) திறந்து, தேடும் சொல்லை ரிச்டெக்ஸ்ட்பாக்ஸில் (எழுத்தை நிறத்தோடு காட்டும் பெட்டி) சிவப்பாக்கி, அந்த இடத்துத் துணுக்கைப் பக்கத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். சில கோப்புகளுக்கு ஒழுங்காக ஓடுகிறது, சிலவற்றுக்கு எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வந்து நிற்கிறது. நாளைக்குள் கொடுத்தாக வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

தும்பி:
என்ன எக்ஸெப்ஷன்? திரையை எதில் செய்தீர்கள், வின்ஃபார்ம்ஸா, டபிள்யூபிஎஃப்பா? டாட்நெட் எந்தப் பதிப்பு?

வடிகட்டி:
வேறு த்ரெட்டிலிருந்து (இணையாக ஓடும் வேலை) கண்ட்ரோலை, அதாவது திரையில் உள்ள பெட்டியை, தொடுகிறீர்கள். சந்தேகமே வேண்டாம். பிகின்இன்வோக் போட்டு வேலையைத் திரையின் த்ரெட்டுக்கே அனுப்புங்கள், சரியாகிவிடும்.

பழம்பூட்டு:
எக்ஸெப்ஷனின் பெயரைச் சொல்லாமல் உதவி கேட்பவர்களுக்கு இங்கே தனிப் பிரிவே தொடங்கலாம். பிழை எங்கே வந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸ் என்று ஒன்று உண்டு தம்பி. அதை ஒட்டிவிட்டு வாருங்கள்.

ஒற்றைக்கொம்பு:
டாட்நெட் 4.7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பா? அதில்தான் ரிச்டெக்ஸ்ட்பாக்ஸின் உள்ளே இருந்த பழைய ரிச்எட்20 டிஎல்எல் (நிரல் நூலகம்) போய் எம்எஸ்எஃப்டிஎடிட் வந்தது. எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். எதற்கும் 4.6.2-க்கு மாற்றிப் பாருங்கள்.

அரைப்புள்ளி:
வின்ஃபார்ம்ஸ், 4.8. த்ரெட் எதுவும் இல்லை, பட்டனை அழுத்தினால் நேராக ஓடும். வருவது ஆர்குமென்ட்அவுட்ஆஃப்ரேஞ்ச்எக்ஸெப்ஷன் (கொடுத்த எண் எல்லை தாண்டியது). ட்ரேஸில் சப்ஸ்ட்ரிங் (துணுக்கை வெட்டும் கட்டளை) என்று இருக்கிறது. சில கோப்புகளில் நிறமும் கொஞ்சம் தள்ளி விழுகிறது, ஆனால் இப்போதைக்கு அது முக்கியமில்லை.

வடிகட்டி:
த்ரெட் இல்லை என்று எல்லோரும்தான் சொல்வார்கள். டைமர் ஏதாவது இருக்கும். அவசரம் என்றால் செக்ஃபார்இல்லீகல்கிராஸ்த்ரெட்கால்ஸை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள், எக்ஸெப்ஷனே வராது.

தும்பி:
ஐயோ, அதைச் செய்யாதீர்கள். அது வேறு த்ரெட்டிலிருந்து தொடுவதைக் கண்டுபிடித்துச் சொல்கிற சோதனை. அதை மூடினால் தவறு அப்படியேதான் இருக்கும், எப்போதாவது திரை உறைந்து நிற்கும். அந்தச் சோதனை இயல்பாக டீபக்கர் (பிழை தேடும் கருவி) இணைந்திருக்கும்போதுதான் வேலை செய்யும். வந்திருப்பதோ வேறு எக்ஸெப்ஷன்.

வடிகட்டி:
பல நிரல்களில் ஃபால்ஸ் போட்டிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பழம்பூட்டு:
ஆகியிருந்தாலும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இடைவெளி:
நிறம் தள்ளி விழுவதுதான் முக்கியம். கோப்பை ரீட்ஆல்டெக்ஸ்டால் முழுதாகப் படித்து ஒரு மாறியில் வாங்கி, அதில் ரீஜெக்ஸ் (சொல் தேடும் வடிவம்) ஓட்டி, கிடைத்த இட எண்களை வைத்து ரிச்டெக்ஸ்ட்பாக்ஸின் டெக்ஸ்டில் வெட்டுகிறீர்களா?

விண்டோஸ் கோப்பில் ஒவ்வொரு வரி முடிவும் இரண்டு எழுத்து: கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட். ரிச்டெக்ஸ்ட்பாக்ஸ் அதை ஒரே லைன் ஃபீடாக்கி வைத்துக்கொள்ளும். அதனால் வரிக்கு ஓர் எழுத்து வீதம் உங்கள் எண் முந்திப் போகிறது. 40-ஆவது வரியில் 39 எழுத்து பிசகும். நிறம் போட இடத்தைத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் இதற்குக் கத்தாது. நீளத்தைத் தாண்டிய எண்ணைக் கொடுத்தால் கடைசியிலேயே நின்றுகொள்ளும். சப்ஸ்ட்ரிங் அப்படி விடாது. தேடிய சொல் கோப்பின் கடைசிப் பக்கம் வந்தால்தான் எண் எல்லை தாண்டும், அதுதான் சில கோப்புகளில் மட்டும். லினக்ஸில் உருவான லாக் என்றால் வரி முடிவே ஒற்றை எழுத்து, பிரச்சினை வராது.

கோப்பை ஏற்றிய பிறகு கண்ட்ரோலின் டெக்ஸ்டை ஒரு மாறியில் எடுத்து, அதிலேயே ரீஜெக்ஸ் ஓட்டுங்கள், அதிலேயே வெட்டுங்கள். சுற்றுக்குள் ஒவ்வொரு முறையும் டெக்ஸ்டைக் கேட்காதீர்கள். கேட்கும்போதெல்லாம் மொத்தத்தையும் புதிதாக எடுத்துத் தரும், பெரிய கோப்பில் இழுத்துக்கொண்டே போகும்.

ஒற்றைக்கொம்பு:
இருக்கலாம். ஆனாலும் 4.6.2-இல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

இடைவெளி:
வரி முடிவை ஒன்றாக்குவது பழைய டிஎல்எல்லிலும் உண்டு. பதிப்பை மாற்றினால் அதே எக்ஸெப்ஷன்தான் அங்கேயும் வரும்.

வடிகட்டி:
ட்ரை கேட்ச் போட்டுப் பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டால் இவ்வளவு தூரம் வர வேண்டியதே இல்லை.

தும்பி:
போட்டால் பட்டியலில் தவறான துணுக்கு வரும், யாருக்கும் தெரியாது. லாக் பார்க்கிற நிரலுக்கு அதைவிட மோசமாக என்ன வேண்டும்?

அரைப்புள்ளி:
ஓடுகிறது, நிறமும் சரி. நன்றி இடைவெளி.

நீலமை:
எனக்கும் இதே சிக்கல், ஆனால் டபிள்யூபிஎஃப். நானும் இப்படியே செய்யலாமா?

இடைவெளி:
முடியாது. அங்கே இடத்தைக் குறிப்பது டெக்ஸ்ட்பாயின்டர், அதன் கெட்பொசிஷன்அட்ஆஃப்செட் எழுத்தோடு பாரா, ரன் (ஒரே வடிவில் உள்ள எழுத்துத் துண்டு) இவற்றின் தொடக்க முடிவுக் குறிகளையும் சேர்த்தே எண்ணும். இங்கே தனிக் கேள்வியாகத் தொடங்குங்கள், எக்ஸெப்ஷன் பெயரோடு.