கிணறு வற்றிய கொட்டாய்களுக்குக் குழாய்த் தண்ணீர்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்களை எழுதுங்கள்

லத்தேரி விவசாயி

எங்கள் கொட்டாய் லத்தேரிக்கும் கே.வி.குப்பத்துக்கும் நடுவில், ஊரைவிட்டுத் தள்ளி ஒரு மேட்டில் இருக்கிறது. கழனியிலேயே வீடு கட்டித் தங்கிவிட்ட சில குடும்பங்கள், அவ்வளவுதான். ஊருக்கு வருகிற ரோடு, தெருவிளக்கு எல்லாமே எங்களுக்குக் கடைசியாகத்தான் வரும். தண்ணீருக்கு மட்டும் யாரையும் கேட்டதில்லை. ஆளுக்கொரு கிணறு இருந்தது.

2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. தாத்தா காலத்தில் மாடு கட்டிக் கவலை இறைத்த எங்கள் 60 அடிக் கிணற்றின் அடி தெரிந்தது அந்தக் கோடையில்தான். கிணற்றுக்குள் இறங்கி நாலா பக்கமும் பக்கவாட்டில் துளைத்து சைடு போர் போட்டோம். கொஞ்சம் கசிந்தது, அப்புறம் அதுவும் நின்றது. சரி என்று நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வந்து, அவர் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் ஓட்டினோம். அம்மாவின் நகை அடகுக்குப் போனது. ரிக் வண்டி ராத்திரி முழுக்க ஓடியது. பாறை மாவு வெள்ளையாக வந்து குவிந்துகொண்டே இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்த மாவைக் கை நிறைய அள்ளி, இரண்டு விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், ஈரம் தட்டுகிறதா என்று. 800 அடிக்கு மேல் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்தது. அடுத்த வருடம் பக்கத்துக் கொல்லைக்காரர் போர் போட்டார், எங்களுடையது வெறும் காற்றைத் தள்ள ஆரம்பித்தது. அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து நிலம் கடும்பாறை. மேல்மண்ணிலும் அதற்கடியில் சிதைந்து கிடக்கும் பாறையிலும்தான் மழைத் தண்ணீர் தங்கும். அதற்கும் கீழே வெடிப்பு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆயிரம் அடி போனாலும் மாவுதான். இன்னும் நூறு அடி, இன்னும் நூறு அடி என்று நகையும் நிலமும் போன வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. தனித்தனியாக ஒவ்வொரு குடும்பமும் பாறையோடு மல்லுக்கட்டி இதைத் தீர்க்க முடியாது. பொதுக் குழாய் வந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

மேட்டூர்ப் பக்கம் காவிரியில் எடுத்து வேலூர் வரை கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கள் ரோட்டோரமாகவே போகிறது. அதில் ஓர் இடத்தில், குழாய்க்குள் சேரும் காற்றை வெளியே விடும் ஏர் வால்வு. அதைச் சுற்றி ஒரு சிமெண்ட் தொட்டி, அதன் அடியில் கசிந்து தேங்கும் தண்ணீர். கோடை முழுவதும் பெண்கள் அங்கேதான் நின்றார்கள். குடம் உள்ளே போகாது. ஒருவர் குனிந்து டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும், கலங்கினால் தெளிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். "எங்க காலுக்குக் கீழ ஆறே ஓடுது, எங்களுக்கு ஒரு குழாய் கிடையாதா?" என்று ஒரு ஆயா பி.டி.ஓ. ஆபீஸில் கேட்டார். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பதில் இல்லாமலும் இல்லை. அந்தப் பெரிய குழாயில் நடுவில் எங்கேயும் ஓட்டை போட்டு வீட்டுக்கு இழுக்க முடியாது. அழுத்தத்தில் ஓடுகிற தண்ணீர் அது. முதலில் ஒரு தொட்டிக்குப் போய், அங்கிருந்துதான் தெருவுக்குப் பிரிய வேண்டும். ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து எங்களுக்கு இழுக்கலாம் என்றால், எங்கள் மேடு அதற்குச் சரிப்படவில்லை. மட்டம் பார்க்க வந்த இளம் பொறியாளர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து படம் போட்டு விளக்கினார்: "இங்க குழாய் போட்டா காத்துதாண்ணா வரும். உங்களுக்குக் கீழ ஒரு சம்ப், அதான் தரைத் தொட்டி, அதுல ஒரு மோட்டார், மேட்டுல தனியா ஒரு தொட்டி வேணும். அதைக் கேளுங்க." அதுவரை நாங்கள் எழுதிய மனு எல்லாவற்றிலும் "குழாய் வேண்டும்" என்றுதான் இருந்தது. தொட்டி என்று மாற்றி எழுதி, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகவே ஏற்றினோம். வேலை இழுத்தடித்தது உண்மை, ஆனால் வந்தது. இன்று ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். அம்மா காலையில் குடத்தை விளக்கி வெயிலில் கவிழ்த்து வைக்கிறாள், அது காய்வதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது.

உங்கள் ஊர்களில் எப்படி வந்தது, எங்கே நின்றது, எழுதுங்கள். இன்னும் வராத கொட்டாய்கள் எத்தனையோ இருக்கின்றன, படிக்கிறவர்களுக்கு உதவும்.

டேங்க் ஆபரேட்டர், அணைக்கட்டுப் பக்கம்

அண்ணா, நான் ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவன். குழாய் போட்ட பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

தொட்டி நிறைந்ததும் வால்வு வால்வாகத் திறப்பேன். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவுக்கு வேகமாகப் பாயும். அங்கே நாலு வீட்டில் குழாயிலேயே மோட்டாரைச் செருகி உறிஞ்சுவார்கள், மொட்டை மாடி சின்டெக்ஸ் நிறையும், அப்புறம் வண்டி கழுவுவார்கள். கடைசித் தெருவில் குழாய் 'புஸ்' என்று ஒரு சத்தம் போட்டு நிற்கும். எங்கள் ஊரில் அந்தக் கடைசித் தெரு காலனி, தலித் மக்கள் குடியிருக்கும் பகுதி. பல ஊரில் அப்படித்தான். தொட்டி கட்டும் இடம் ஊர் நடுவில் முடிவாகிறது, குழாய் அங்கிருந்து போகப் போக மெலிகிறது, கடைசியில் யார் குடியிருக்கிறார்கள் என்பது நூறு வருடத்துக்கு முன்னாலேயே முடிவானது. காகிதத்தில் எல்லா வீட்டுக்கும் இணைப்பு இருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று, வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் கணக்கும் இருக்கும். காலனியில் ஒரு வீட்டுக்கு இரண்டு குடம்கூடத் தேறாத நாளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கோடையில் வரிசையை மாற்றினேன். முதலில் காலனி வால்வு, அது முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். சண்டைக்கு வந்தார்கள். "யாரைக் கேட்டு மாத்தின?" என்றார்கள். தலைவர் என் பக்கம் நின்றார், அது பெரிய விஷயம். மோட்டார் செருகியவர்களுக்கு ஊராட்சியிலிருந்து நோட்டீஸ் போனது, சிலதைக் கழற்றி எடுத்தும் வந்தோம். புதுசாகக் குழாய் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் தெருவுக்குத் தனி வால்வு வேண்டும் என்று கேளுங்கள். தனி வால்வு இல்லாவிட்டால் ஆபரேட்டர் நினைத்தாலும் உங்களுக்குத் தண்ணீர் தள்ள முடியாது.

ஜோலார்பேட்டையிலிருந்து

2019 ஜூலை 12 எங்களுக்கு மறக்காது. அன்றுதான் இங்கிருந்து சென்னைக்கு முதல் தண்ணீர் ரயில் கிளம்பியது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர், அதே காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர். அப்போது நாங்களும் வேலூர் மாவட்டம்தான். என் மாமியார் ஊரில் அந்த மாதம் லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன.

சென்னைக்குக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். என் அண்ணன் குடும்பமே அங்கே தண்ணீர் இல்லாமல் தவித்தது. ஆனால் அந்தத் திட்டத்துத் தொட்டியிலிருந்து ஸ்டேஷன் வரை சில வாரங்களிலேயே குழாய் பதித்து முடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். ஒரு கொட்டாய்க்கு அரை கிலோமீட்டர் குழாய் போட வருடக்கணக்கு ஆகும் என்று யாராவது சொன்னால், அதை நம்பச் சொல்லாதீர்கள்.

பேரணாம்பட்டு அக்கா

எங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது தம்பி. வாயில் வைக்க முடியாது, அதுதான் எங்கள் கதை. தோல் பதனிடும் கழிவு நிலத்தில் இறங்கிய ஊர்களில் கிணறு நிறைந்திருந்தாலும் வறட்சிதான். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. வெண்கலப் பானையில் ஊற்றி வைத்தால் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவர்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று. சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது இன்றும் பாடம். 2025 ஜனவரியிலும் இதே பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் ஒரு தலைமுறையே வளர்ந்து கல்யாணம் ஆகிப் போய்விட்டது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், குழாய் நீட்டிப்புக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் "கிணறு இருக்கிறதா?" என்று கேட்டு, "இருக்கிறது" என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்த பிறகுதான் பேனாவைத் திரும்ப எடுத்தார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தாலும் அப்படியே செய்யுங்கள். வார்த்தையால் சொன்னால் ஏறாது.

ஒடுகத்தூரிலிருந்து

அக்கா சொன்னதோடு சேர்த்து ஒன்று. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் நானும் ஒருத்தி. சின்னப் பெட்டி, அதில் மருந்துப் புட்டிகள், ஒரு நிற அட்டை. தண்ணீரில் மருந்தை விட்டு, மாறுகிற நிறத்தை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். கிணறு வற்றி ஆழ்துளைக்கு மாறிய வீடுகளின் தண்ணீரைச் சோதித்தபோது ஃப்ளோரைடு ஏறியிருந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஃப்ளோரைடு கொதித்தால் போகாது. பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. "போர்ல தண்ணி வருதே, உங்களுக்கு என்ன அவசரம்?" என்று கேட்பவர்களிடம் இந்த அட்டையைத்தான் நீட்டுகிறேன்.

கணியம்பாடி நூறு நாள் வேலைக்காரர்

எல்லாரும் காவிரி வர வேண்டும் என்கிறீர்கள், வரட்டும். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால்? நடுவழியில் குழாய் உடைந்தால்? எங்கள் பக்கம் உடைப்பைச் சரிசெய்கிறவரை ஊரே பழைய கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தது. குழாய் வந்ததும் கிணற்றில் குப்பை கொட்டிய ஊர்கள் அன்று என்ன செய்திருக்கும்?

நாங்கள் நாகநதியில் உறை இறக்கி மண்ணுக்குள் மழைத் தண்ணீரை இறக்கும் கிணறுகள் வெட்டினோம், ஓடையில் தடுப்புக் கட்டினோம். வேலை செய்ததில் முக்கால்வாசி பெண்கள்தான். பக்கத்துக் கிணறுகளில் மட்டம் ஏறியதைப் பார்த்தோம். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் வந்ததே, அந்தக் கரையோரக் கிணறுகளும் நிறைந்தன, மேட்டுக் கொல்லைகளுக்கு அது எட்டவில்லை. மேட்டுக்கு அங்கங்கே பெய்கிற மழைதான் கதி. அதனால் குழாய்க்கு மனு எழுதும்போதே, அதே தாளில், ஏரி வரத்துக் கால்வாய் தூர்வாருவதையும் எழுதிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க, கிணற்றுத் தண்ணீர் மற்றதுக்கு. இரண்டும் வேண்டும்.

லத்தேரி விவசாயி

எல்லாருக்கும் நன்றி. தனிச் செய்தியில் மூன்று கொட்டாய்க்காரர்கள் மனு எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடுகளின் எண்ணிக்கையோடு ஆடு மாடுகளையும் குறிப்பிடுங்கள். எந்தத் தொட்டியிலிருந்து எவ்வளவு தூரம், உங்கள் இடம் மேடா பள்ளமா, வழியில் நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ காட்டு நிலமோ குறுக்கே வருகிறதா, இதையெல்லாம் எழுதுங்கள். குறுக்கே வந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும், பெரும்பாலும் அங்கேதான் வேலை நிற்கிறது. தெருவுக்குத் தனி வால்வு கேளுங்கள். தண்ணீர்ப் பரிசோதனை முடிவு இருந்தால் இணையுங்கள். கிராம சபையில் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள், நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். மார்ச் 22, தண்ணீர் தினத்துக்கும் கிராம சபைக் கூட்டம் உண்டு. பெண்களைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் எத்தனை குடம் வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.