புதுப்பிப்பு: அப்பாவின் கல்லீரல் கட்டி, எம்ஆர்ஐ முடிவு

ஹெபடைடிஸ் பி தொற்றால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) வந்த என் அப்பாவுக்கு அல்ட்ராசவுண்டில் தெரிந்த 22 மி.மீ. கட்டி சி.டி. ஸ்கேனிலும் தெளிவாகாததால், நேராக பயாப்சிக்கு (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடாக்ஸெடேட் என்ற கான்ட்ராஸ்ட் மருந்துடன் (படத்தில் வேறுபாடு தெரிய ஊசியில் செலுத்துவது) எம்ஆர்ஐ எடுக்கச் சொன்ன யோசனையே வழிகாட்டியது.

மருந்து செலுத்தியதும் தமனிக் கட்டத்தில் (மருந்து தமனி வழியாகக் கல்லீரலை அடையும் நேரம்) கட்டி முழுவதும் பளிச்சென ஒளிர்ந்து, போர்ட்டல் சிரைக் கட்டத்தில் (அடுத்து, குடலிலிருந்து வரும் சிரை வழியாக மருந்து கல்லீரலை நிரப்பும் நேரம்) சுற்றியுள்ள திசுவைவிட மங்கியது. 20 நிமிடம் கழித்து, நல்ல கல்லீரல் செல்கள் மருந்தை உறிஞ்சி வெளுத்துத் தெரிந்தபோது கட்டி மட்டும் கருமையாக நின்றது. இந்த மருந்தில் கல்லீரலே பிறகு வெளுத்துவிடுவதால், கட்டி மங்குவதைப் புற்றுநோய் அடையாளமாகப் போர்ட்டல் கட்டத்தில் மட்டுமே கணக்கில் எடுப்பார்களாம். இது முக்கியமான நுணுக்கம். அறிக்கை எல்ஆர்-5 (கல்லீரல் கட்டிகளை ஸ்கேன் படத்தை வைத்துத் தரம்பிரிக்கும் லை-ராட்ஸ் வகைப்பாட்டில் ஒரு நிலை), அதாவது கல்லீரல் செல் புற்றுநோய் என்பது உறுதி, பயாப்சி தேவைப்படவில்லை. சிரோசிஸோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ இல்லாதவர்களுக்கு இந்த வகைப்பாடு பொருந்தாது.

எதிர்பாராதது ஒன்று: தமனிக் கட்டத்தில் அப்பாவுக்குச் சில நொடிகள் மூச்சடக்க முடியாமல் படம் கலங்கியது. கடாக்ஸெடேட்டில் இது நிகழக்கூடியது என்பதால் அக்கட்டத்தை அடுத்தடுத்துப் பலமுறை பதிவு செய்திருந்தனர். அவற்றில் ஒன்று தெளிவாக அமைந்தது. அடுத்ததாக மைக்ரோவேவ் அப்லேஷன் (நுண்ணலை வெப்பத்தால் கட்டியை அழிப்பது) செய்ய முடிவாகியுள்ளது.