பகாவ் பக்கம் ஓட்டுற காடிக்கு ஆட்டோ வைப்பர் தேவையா?

செம்மண்ரோடு கேட்டது:

வணக்கம். புதுக் காடி புக் பண்ணப் போறோம். ஒரே மாடல், ரெண்டு வேரியன்ட். மேல் வேரியன்ட்ல மழை பட்டதும் தானா ஓடுற வைப்பர் இருக்கு. கீழ் வேரியன்ட்ல சாதா வைப்பர்தான், ஆனா இடைவெளியை வளையத்தைத் திருகிக் கூட்டிக் குறைச்சுக்கலாம். விலை வித்தியாசம் சில ஆயிரம் ரிங்கிட்.

ஓட்டுற பாதை: எஸ்டேட் உள்ளே செம்மண் சாலை, செம்பனைக் குலை ஏத்துற லோரி நாள் முழுக்க ஓடும். அப்புறம் பகாவ் டவுன். வாரக் கடைசியில கோலப்பிலா வழியா சிரம்பான், அதாவது புக்கிட் புத்துஸ் மலைப்பாதை ஏறி இறங்கணும். நானும் ஓட்டுவேன், வீட்டுக்காரரும் ஓட்டுவார், ராத்திரியிலயும் ஓட்டுவோம்.

இந்த வைப்பருக்காக மேல் வேரியன்ட் எடுக்கலாமா? செம்மண் தூசியில சென்சார் ஒழுங்கா வேலை செய்யுமா? இல்ல கீழ் வேரியன்ட் எடுத்துட்டு, பிறகு வெளியே வாங்கி மாட்டிக்கலாமா?

ஸ்பேனர்14 பதில்:

அக்கா, அது மழையை எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு தெரிஞ்சா பாதிக் கேள்விக்குப் பதில் கிடைச்சிடும்.

ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால, முன்கண்ணாடியோட உள்பக்கம் ஒட்டியிருக்கும் அந்த சென்சார். அது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளியைக் கண்ணாடிக்குள்ள 45 டிகிரி சாய்வா அனுப்பும். கண்ணாடிக்கு வெளியே காற்று மட்டும் இருந்தா, ஏறக்குறைய 42 டிகிரிக்கு மேல சாய்ஞ்சு வர்ற ஒளி வெளியே போக முடியாது. முழுசும் உள்ளேயே திரும்பி சென்சாருக்கு வந்துடும். அந்த இடத்துல தண்ணி நின்னா அந்த எல்லை 62 டிகிரிக்கிட்ட போயிடும். அப்ப 45 டிகிரி ஒளி துளி வழியா வெளியே கசிஞ்சிடும். திரும்பி வர்ற ஒளி எவ்வளவு குறையுது, எவ்வளவு வேகமா குறையுதுன்னு பார்த்துத்தான் வைப்பரோட வேகம் முடிவாகுது.

இதுல முக்கியமான விஷயம், உங்க கண் பார்க்கிற கண்ணாடி முழுசையும் சென்சார் பார்க்கிறதில்ல. மேல்பகுதியில ஏறக்குறைய 50 சென் காசு அகலத்துக்கு ஒரு இடம், அவ்வளவுதான் அதோட உலகம்.

இப்ப செம்மண்ணுக்கு வருவோம். காய்ஞ்ச தூசி கண்ணாடியோட ஒட்டி உறவாடாது, மேலாப்புல உட்கார்ந்திருக்கும். அதனால தூசிக்கு வைப்பர் சும்மா ஓடுறது குறைவு. தொந்தரவு சேத்துத் தண்ணியிலதான். எதிரே வர்ற லோரி பள்ளத்துல டயரை இறக்கினா சேறு அப்படியே கண்ணாடியில அடிக்கும். அதுல தண்ணி இருக்கிறதால சென்சார் மழைன்னு நினைச்சு உடனே வைப்பரை ஓட்டும். ஆனா வாஷர் தண்ணியை அது பீய்ச்சாது. ரப்பருக்கு அடியில மணல் மாட்டி, ஒவ்வொரு வீச்சும் வில் வளைஞ்ச மாதிரி ஒரு மெல்லிய கீறலைப் போட்டுட்டுப் போகும். பகல்ல தெரியாது. ராத்திரி எதிர் லைட் பட்டா அந்தக் கீறல் எல்லாம் வெள்ளைக் கோடா மின்னும், ரோடு தெரியாது. கண்ணாடியில ஆழமா விழுந்த கீறலை பாலிஷ் போட்டு முழுசா எடுக்க முடியாது. எடுக்கப் போனா அந்த இடத்துல பார்வை நெளியும்.

அதனால எஸ்டேட் கேட்டுக்குள்ள நுழையுறப்பவே வைப்பர் லிவரை ஆஃப்ல வச்சிடுங்க. சேறு அடிச்சா லிவரை இழுத்து நல்லா தண்ணி பீய்ச்சி, சேறு கரைஞ்சு இறங்கின பிறகு வைப்பர். வாஷர் டேங்க்கை நிரப்பியே வச்சிருங்க. ரப்பர் நம்ம வெயிலுக்கு 6 மாசத்துலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள இறுகிடும். கோடு விழுந்தா, கிறீச்சிட்டா, தாவித் தாவி ஓடினா மாத்திடணும். தேய்ஞ்ச ரப்பர் சென்சாருக்கு முன்னால ஈரக் கோடு விட்டுட்டுப் போனா, மழை நின்ன பிறகும் வைப்பர் நிக்காது. சென்சார் கெட்டுப்போச்சுன்னு ஒர்க்ஷாப்புக்கு வர்ற காடிகள்ல முதல்ல பார்க்க வேண்டியதே ரப்பரைத்தான்.

வைப்பருக்காக மட்டும்னா சில ஆயிரம் கொடுக்காதீங்க.

கோலப்பிலா கீதா பதில்:

எஸ்டேட் சாலையைப் பற்றி ஸ்பேனர் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. புக்கிட் புத்துஸில் ஒரு வளைவில் தூறல், அடுத்த வளைவில் கொட்டுமழை, அதற்கடுத்து வெறும் ஈர ரோடு. சாதா வைப்பரில் அந்த வளையத்தை ஓயாமல் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். இரவில், இறக்கத்தில், பின்னால் லோரி ஒட்டிக்கொண்டு வரும்போது ஒரு வேலை குறைந்தால் அது பெரிய விஷயம். இரண்டு பேர் ஓட்டும் காடிக்கு இன்னும் நல்லது. சென்சாரின் உணர்திறனை நடுவில் வைத்துவிட்டால் இருவருக்கும் ஒத்துவரும்.

ஆனால் இரண்டு இடங்களில் அதை நம்பி இருக்காதீர்கள். எதிரே வரும் லோரி தண்ணீரை வாரி அடித்தால், சென்சார் உணர்ந்து வைப்பர் அசைவதற்குள் ஒரு கணம் ரோடு மறைந்துபோகும். லோரி நெருங்கும்போதே லிவரை ஒருமுறை தட்டி நீங்களே ஒரு வீச்சு கொடுங்கள். ஆட்டோவில் இருக்கும்போதும் அது வேலை செய்யும்.

அடுத்தது பனிமூட்டம் போல் கண்ணாடி வெளுப்பது. இரவு மழையில் ஏர்கோனை மிகக் குளிராக வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியிருந்தால் வெளிப்பக்கத்தில், முதலில் கீழ்ப்பகுதியில், நீராவி படியும். சென்சார் இருப்பது மேலே, அதற்கு இது தெரியாது. கையால் வைப்பரைப் போட்டு, காற்றை முகத்துப் பக்கம் மாற்றி, குளிரைக் குறையுங்கள். உள்பக்கம் வெளுத்தால் நேர்மாறு: ஏர்கோனைப் போட்டு கண்ணாடி வெளுப்பை நீக்கும் டிஃபாக் பட்டனை அழுத்த வேண்டும். விரலால் தேய்த்துப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, மேல் வேரியன்டில் முன்னே இருக்கும் வண்டியைக் கண்டு தானாக பிரேக் போடும் வசதியும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வைப்பரை மறந்துவிட்டு அதற்காகவே மேல் வேரியன்ட் எடுக்கலாம்.

செம்மண்ரோடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. பிரேக் வசதி மேல் வேரியன்ட்ல மட்டும்தான் இருக்குன்னு சேல்ஸ்மேன் சொன்னார், கவனிக்கவே இல்ல. எடுத்தா வெயிலுக்கு டின்டட் ஃபிலிம் ஒட்டணும், கல் பட்டு கண்ணாடி உடைஞ்சா செலவு எவ்வளவு கூடும்னும் யோசனையா இருக்கு.

கண்ணாடிக்கடை பதில்:

சிஸ்டர், டின்டட் ஒட்டுவதும் கண்ணாடியின் உள்பக்கம், சென்சார் ஒட்டியிருப்பதும் உள்பக்கம். ஆகவே ஃபிலிமை சென்சாரையும் பிரேக் வசதிக்கான கேமராவையும் சுற்றி வெட்டி விடச் சொல்லுங்கள். வெப்பத்தைத் தடுக்கும் ஃபிலிம் பெரும்பாலும் இன்ஃப்ராரெட்டைத்தான் தடுக்கிறது. சென்சார் நம்பியிருப்பதும் அதே ஒளியைத்தான். முன்கண்ணாடிக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) விதி குறைந்தது 70 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது, அதையும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடி உடைந்தால் செலவு கூடத்தான் செய்யும். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒளி ஊடுருவும் ஒரு ஜெல் பேட் இருக்கும். பழையதை உரித்து மறுபடி ஒட்டினால் உள்ளே காற்றுக் குமிழி மாட்டும். வெளியே நின்று பார்த்தால் கறுப்புப் பட்டையின் நடுவிலுள்ள சிறு சாளரத்தில் வெள்ளிப் புள்ளி போலத் தெரியும். அந்தக் குமிழி ஒளியைச் சிதறடிப்பதால் வெயிலில் வைப்பர் ஓடும், மழையில் சும்மா நிற்கும். எனவே புது ஜெல் பேட்தான் போட வேண்டும். ஒட்டும் முன் கண்ணாடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கைரேகை படாமல், ஒரு ஓரத்திலிருந்து அழுத்திக்கொண்டே வர வேண்டும். சில மாடல்களுக்கு அதன் பிறகு ஸ்கேனர் போட்டு சென்சாரை அளவு திருத்த வேண்டும். பிரேக் கேமரா இருந்தால் அதற்குத் தனி கேலிபரேஷன்.

இன்சூரன்ஸில் கண்ணாடிக் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வழக்கமாகக் காப்புத் தொகையில் 15 சதவீதம் பிரீமியம். 2000 ரிங்கிட்டுக்குப் போட்டால் 300 ரிங்கிட். கிளைம் செய்தால் என்.சி.டி (கிளைம் செய்யாத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) குறையாது, ஆனால் காப்பீடு அத்தோடு முடிந்துவிடும், மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். சாதாக் கண்ணாடி விலைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்சார் கண்ணாடி, டின்டட், கேலிபரேஷன் மூன்றையும் கூட்டி அந்தத் தொகைக்குப் போடுங்கள்.

வெளியே வாங்கி மாட்டுவது வேண்டாம். சென்சார் இல்லாத வேரியன்டின் கண்ணாடியில் பல நேரம் அந்தச் சாளரமே இருக்காது, முழுக்கக் கறுப்புப் பூச்சாக இருக்கும். வயரை வெட்டி இணைத்தால் எலக்ட்ரிக்கல் வாரண்டியும் கேள்விக்குறியாகும்.

ஸ்பேனர்14 பதில்:

கேமரா பிரேக் சேர்ந்து வருதுன்னா கீதாக்கா சொன்னபடி மேல் வேரியன்டே எடுங்க, நான் வைப்பரை மட்டும் வச்சுத்தான் சொன்னேன்.

காடி கழுவுறப்ப மறக்காம ஆஃப்ல வைங்க. கீயை ஆன்ல விட்டுட்டு துணியால முன்கண்ணாடியைத் துடைச்சா, வைப்பர் திடீர்னு கிளம்பி விரலை அடிக்கும், துணி மாட்டினா வைப்பரை மோட்டாரோட இணைக்கிற லிங்கேஜ் கழண்டுடும். மெழுகு கலந்த ஷாம்பு, டீசல் புகைப் படலம், தண்ணியை முத்தா உருட்டிவிடுற கோட்டிங் எல்லாமே சென்சாரைக் குழப்பும். கண்ணாடி கிளீனர் போட்டுத் தேய்ச்சு, தண்ணி ஊத்தினா திட்டுத் திட்டா நிக்காம ஒரே பரப்பா வழியுற வரைக்கும் சுத்தம் பண்ணுங்க.

டெலிவரி அன்னைக்கு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒரு மினரல் வாட்டர் போத்தல் எடுத்துட்டுப் போங்க. எஞ்சினை ஆன் பண்ணி, லிவரை ஆட்டோவுக்கும் உணர்திறனை உச்சத்துக்கும் வைங்க. ஒருத்தர் உள்ளே இருக்கட்டும். மற்றவர் வெளியே ஓரமா நின்னு, கண்ணாடியோட மேல்பகுதியில சென்சாருக்கு நேரா கொஞ்சம் கொஞ்சமா ஊத்தட்டும். ஓரிரு வினாடியில வைப்பர் ஓடணும். நிறைய ஊத்தினா வேகம் கூடணும். அப்புறம் ஊத்துறதை நிறுத்துங்க. ரெண்டு மூணு வீச்சுல கண்ணாடி காய்ஞ்சதும் அது நிக்கணும். நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா அந்தச் சாளரத்துல வெள்ளிப் புள்ளி இருக்கான்னு பாருங்க, இருந்தா போட்டோ எடுத்து அங்கேயே காட்டி ஜெல் பேட் மாத்தித் தரச் சொல்லுங்க.