சொல் வேண்டும்: யானை வேட்டையில் பயன்படும் 'சாலிட்'

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், தெம்பனிஸ்

அனைவருக்கும் வணக்கம். ஆப்பிரிக்காவில் யானை, காட்டெருமை வேட்டைக்கு வழிகாட்டுவோரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் கோப்பு போய்ச் சேர வேண்டும். படம் நெடுக 'சாலிட்' என்ற சொல் வந்துகொண்டே இருக்கிறது. வேட்டைக்குண்டுகளில் ஒரு வகைக்கு முனையில் ஈயம் வெளியே தெரியும். உடலில் பட்டதும் அது மலர்ந்து அகன்ற காயத்தை உண்டாக்கும். மற்றொரு வகை மலராது, வளையாது, புகுந்த திசையிலேயே எலும்பைத் துளைத்துக்கொண்டு போகும். யானையின் மூளை, காற்றறைகள் நிறைந்த தடித்த மண்டையோட்டுக்குள் வெகு ஆழத்தில் இருப்பதால், தலையைக் குறிவைப்பவர் இந்த இரண்டாம் வகையைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் படத்தில் வரும் வழிகாட்டி. அதற்குத்தான் பெயர் தேவை. திரையில் இடம் குறைவு என்பதால் ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. 'திடத் தோட்டா' என்று எழுதிப் பார்த்தேன். திரவத் தோட்டாவும் உண்டா என்று என் மகள் கேட்டாள்.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈசூன்

அம்மா, உங்கள் மகளின் கேள்வி நியாயமானதே. திடம் வடசொல், பள்ளி அறிவியல் பாடத்தின் வாடையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நமக்குத் 'திண்' என்ற வேர் இருக்கும்போது வேறு எங்கும் போக வேண்டியதில்லை. 'திண்ணியர் ஆகப் பெறின்' என்ற வள்ளுவர் கருதியது சிதையாத உறுதியைத்தான். 'மண் திணிந்த நிலனும்' என்று தொடங்கும் புறநானூற்றுப் பாட்டிலும் இடைவெளியின்றிச் செறிந்திருத்தல் என்ற பொருளே வருகிறது. திண்ணை, திண்டு, திணிவு ஆகிய எல்லாம் இந்த ஒரே குடும்பம். திணை என்பதும் மண்ணோடு செறிந்த வாழ்க்கை என்ற கருத்தில் இங்கிருந்தே கிளைத்தது என்பது என் நெடுநாள் எண்ணம், அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டிய சொல் 'திண்குண்டு'.

எழுதியவர்: கடைசல் பட்டறை நடத்துபவர், துவாஸ்

ஐயா சொல்லும் வேர் அழகாக இருக்கிறது, பொருளுக்குத்தான் பொருந்தவில்லை. வேட்டைக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சாலிட்' என்று அழைத்த குண்டு ஒரே உலோகத்தால் ஆனதன்று. உள்ளே ஈயம், அதன்மேல் எஃகிலோ செம்பு நிக்கல் கலவையிலோ முனையை முழுவதும் மூடிய கனத்த உறை. 1912இல் வந்த .375 எச் அண்ட் எச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) மேக்னம் துப்பாக்கிக்கும் அத்தகைய குண்டுகளே இருந்தன. இன்று வருபவை வேறு: பித்தளைக் கம்பியையோ செம்புக் கம்பியையோ லேத்தில் பிடித்துக் கடைந்தெடுப்பது. அதில் ஈயமே கிடையாது. ஆக, 'திண்' என்பது புதியதற்குப் பொருந்தும், பழையதற்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் நேர்ந்த குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டுமா?

எனக்குத் தெரிந்த வேலை என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பு 8.9; பித்தளை ஏறக்குறைய 8.5. அதே எடையில் பித்தளைக் குண்டு வேண்டுமென்றால் அது நீளமாகத்தான் இருக்க முடியும். நீளமான, இளக்கமில்லாத உடல் குழலின் உள்வரிகளை அதிகமாக அழுத்தும் என்பதால் அதன் இடுப்பைச் சுற்றிக் காடிகள் வெட்டுகிறார்கள்; உலோகம் ஒதுங்க இடம் கிடைக்கிறது, அழுத்தமும் குறைகிறது. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பித்தளைக் குண்டைக் கண்டு தயங்குவதற்குக் காரணம் இதுதான். முனையையும் இப்போது உருண்டையாக விடாமல் தட்டையாகச் சீவிவிடுகிறார்கள். உருண்டை முனை உள்ளே போனபின் திசைமாறக்கூடும், தட்டை முனை நேராகப் போகும். இவற்றுக்கு 'ஓருலோகக் குண்டு', உறையிட்ட பழையவற்றுக்கு 'முழு உறைக்குண்டு' என்று இரண்டு சொற்களை வைத்துக்கொள்வோம்.

எழுதியவர்: பலதுறைத் தொழிற்கல்லூரி விரிவுரையாளர், உட்லண்ட்ஸ்

பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும் கலந்தது. அதை 'ஓருலோகம்' என்றால் வேதியியல் மாணவர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். 'ஒருவார்ப்பு' என்று மாற்றலாம் என்றால், கடைந்தெடுப்பதாக நீங்களே சொல்லிவிட்டீர்கள், வார்ப்பு என்பதும் பொய்யாகிவிடும். அந்தக் குண்டு எதனால் ஆனது என்பதை விட்டுவிட்டு, உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைப் பெயராக்குவதே நல்லது. ஒன்று விரிகிறது, மற்றது விரிவதில்லை. முன்னதை 'விரிகுண்டு' என்று வினைத்தொகையாகவும், பின்னதை 'விரியாக் குண்டு' என்று ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகவும் வைத்தால், ஒன்றைக் கேட்டவுடனே மற்றதும் விளங்கிவிடும். கல்கத்தாவை அடுத்த டம் டம் ஆயுதச் சாலையில் செய்யப்பட்டு அந்த ஊர்ப் பெயராலேயே அறியப்பட்டவை விரியும் வகை; போரில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடுத்ததும் அவை விரிந்த காரணத்தால்தான். உலக நாடுகளே இந்தக் குணத்தை வைத்துத்தான் வகை பிரித்திருக்கின்றன.

எழுதியவர்: கடைசல் பட்டறை நடத்துபவர், துவாஸ்

தேசிய சேவையில் நாங்கள் சுட்ட 5.56 மில்லிமீட்டர்க் குண்டும் உங்கள் கணக்கில் விரியாக் குண்டுதான். அதை எடுத்துக்கொண்டு யாரும் யானைக்கு முன்னால் போய் நிற்க மாட்டார்கள். அதன் உறை மெல்லியது. உள்ளே போய்ப் புரளும், சில வேளை உடையும். வேட்டைக்காரர் கேட்பது, கனமான எலும்பில் மோதியும் உருவம் குலையாத ஒன்றை. யானை வேட்டைக்காரர் 'கரமோஜோ' பெல் வெறும் ஏழு மில்லிமீட்டர்த் துப்பாக்கியால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார் என்றால், குண்டு வளையாமல் மூளை வரை போனதும், மூளை இருக்குமிடம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்ததுமே காரணம். விரியாமை இதில் பாதிதான்.

எழுதியவர்: யாழ்ப்பாண வழி உறுப்பினர், பிடோக்

குண்டு என்றவுடன் இங்கு எல்லாருக்கும் வெடிகுண்டுதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் சன்னம் என்போம், ரவை என்றும் சொல்வோம். தோட்டா என்பது வெடிமருந்தும் கோதும் சேர்ந்த முழுப்பொருள். குழலிலிருந்து பறந்து போவது சன்னம் மட்டுமே. இந்த வேறுபாடு படத்துக்கு முக்கியமென்றால் 'வன்சன்னம்' என்பதை எண்ணிப் பாருங்கள்.

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், தெம்பனிஸ்

சன்னம் என்றால் என் பார்வையாளர்கள் சன்ன அரிசியை நினைப்பார்கள், ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். 'ஊடுருவு குண்டு' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது கவச வண்டியைத் துளைக்கும் இராணுவக் குண்டுக்கு ஏற்கெனவே பயன்படுகிறது. தோட்டா எல்லாருக்கும் பழகிய சொல்லாயிற்றே, 'திண்தோட்டா' என்று வைத்தால் என்ன?

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈசூன்

புணர்ச்சி விதிப்படி ணகரத்துக்குப் பின் வரும் தகரம் டகரமாகும்; திண் என்பதும் தோள் என்பதும் சேர்ந்து திண்டோள் ஆவதுபோல், நீங்கள் சொல்வது 'திண்டோட்டா' ஆகிவிடும். திரையில் அதைப் படிப்பவர் ஏதோ பலகாரம் என்று எண்ணிக்கொள்வார். தோட்டா இந்துஸ்தானி வழி வந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன். 'திட்குண்டு' என்று எழுத வேண்டாமா என்று தொலைபேசியில் கேட்ட நண்பருக்கு: மட்குடம் வேற்றுமைத் தொடர், இது பண்புத்தொகை, அல்வழியில் இயல்பாகவே நிற்கும், தண்கடல் என்பதுபோல.

இன்னொன்று. புறநானூற்றில் வல்வில் ஓரி எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடுகிறார். 'வேழம் வீழ்த்த விழுத்தொடைப் பகழி' என்ற அந்தத் தொடரில் சிறந்த என்ற பொருளில் வரும் 'விழு'வை எடுத்து 'விழுக்குண்டு' என்றும் ஆக்கலாம்.

எழுதியவர்: பலதுறைத் தொழிற்கல்லூரி விரிவுரையாளர், உட்லண்ட்ஸ்

விழுக்குண்டு கீழே விழுந்த குண்டாகிவிடும், ஐயா, மன்னிக்க வேண்டும். ஓரியின் அம்பு மட்டும் நல்ல சான்று; ஆனால் படத்தில் வரும் வழிகாட்டி அதையே குற்றமாகச் சொல்வார். காட்டெருமைக் கூட்டத்துக்குள் இந்தக் குண்டைச் சுட்டால், குறிவைத்த காளையைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்கும் பசுவையும் காயப்படுத்தும். அதனால் காட்டெருமைக்கு முதலில் விரியும் குண்டு, அது திரும்பி ஓடும்போது பின்புறத்திலிருந்து நெஞ்சுவரை போக வேண்டிய அடுத்த சூட்டுக்கு விரியாதது என்று பலர் மாற்றி அடுக்கி வைக்கிறார்கள். யானைக்கு அப்படியில்லை, முதலிலிருந்தே விரியாததுதான். இந்தக் காட்சியில் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வந்தாக வேண்டும். அங்கே திண்குண்டு எதற்கு எதிர்ச்சொல் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

எழுதியவர்: தனித்தமிழ் ஆர்வலர், தோ பாயோ

குண்டைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள், துப்பாக்கியை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். அது துருக்கியச் சொல் என்பதை நான் ஏற்கவில்லை. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று குறளிலேயே இருக்கிறது. துப்பு என்பது வலிமை, அதை ஆக்குவது துப்பாக்கி.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈசூன்

அந்தக் குறள் மழையைப் பற்றியது. அங்கே துப்பு என்பது உணவு.

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், தெம்பனிஸ்

இன்று வியாழன் இரவு. மறுமொழி தந்தவர்களில் பெரும்பாலோர் திண்குண்டு பக்கமே நிற்கிறார்கள். சிலர் 'எதுவாயினும் சரி' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், அவர்களையும் அந்தப் பக்கமே சேர்த்துக்கொண்டேன். 'இணையம்' என்ற சொல்லைச் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்வைத்தபோதும் எல்லாரும் உடனே ஏற்றிருக்க மாட்டார்கள் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். முதல்முறை வருமிடத்தில் 'விரியாத திண்குண்டு' என்றும், பிறகு திண்குண்டு என்றும் எழுதிவிட்டேன். காட்டெருமைக் காட்சியில் எதிர்ச்சொல்லாக விரிகுண்டு வருகிறது. விரிவுரையாளர் அம்மையார் தந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

எழுதியவர்: கடைசல் பட்டறை நடத்துபவர், துவாஸ்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைத் திறந்து குண்டு போடும் அந்த ஒரு காட்சியிலாவது 'உறைக்குண்டு' என்று மாற்றிவிடுங்கள். உள்ளே ஈயத்தை வைத்துக்கொண்டு அதைத் திண்குண்டு என்று என் பட்டறைப் பையன்களிடம் என்னால் சொல்ல முடியாது.