பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்களா? கடைக்காரர்களும் சர்வர்களும் மதிக்க மாட்டார்கள், ஆங்கிலம் தெரிந்தும் பேச மாட்டார்கள், காகிதத்தில் பிடிவாதம், சோம்பேறிகள், எப்போதும் வேலைநிறுத்தம், கோழைகள் என்றெல்லாம் சொல்கிறார்களே, உண்மையா? பழகியவர்கள் சொல்லுங்கள்

பாரிஸிலிருந்து

"கடைக்காரர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்" என்ற புகாரைத் துருவிப் பார்த்தால், பெரும்பாலும் உள்ளே போனவர் 'பொன்ஜூர்' (வணக்கம்) சொல்லியிருக்க மாட்டார். அங்கே கடை என்பது கடைக்காரரின் வீட்டு முன்கூடம் மாதிரி. வணக்கம் வைக்காமல் "இது எவ்வளவு?" என்று ஆரம்பித்தால், மரியாதை தெரியாத ஆள் நீங்கள்தான்.

வாசல் தாண்டியதும் 'பொன்ஜூர் மதாம்' அல்லது 'பொன்ஜூர் முஸ்யூ' சொல்லுங்கள். ஒரு நொடி நின்று, அவர் பதில் சொன்ன பிறகே கேள்வி. ஒன்றுமே வாங்காமல் வெளியேறினாலும் 'மெர்சி, ஓ ரெவ்வார்' (நன்றி, வருகிறேன்) உண்டு. சாயங்காலமானால் 'பொன்ஸ்வார்'. பஸ் ஓட்டுநர், லிஃப்டில் நிற்பவர், டாக்டரிடம் காத்திருக்கும் முன்பின் தெரியாதவர்கள் என்று எல்லோருக்கும் இது பொருந்தும்.

பலரும் சறுக்குவது, வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே மூச்சில் கொட்டும்போதுதான். அப்போது எதிரில் இருப்பவர் "பொன்ஜூர்" என்று அழுத்திச் சொன்னால் அது குட்டு. கோபப்படாமல் திருப்பிச் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், அதே ஆள் சிரித்துப் பேசுவார்.

ஆங்கிலமும் அப்படித்தான். நேரே ஆங்கிலத்தில் இறங்காமல் 'பார்லே வூ ஆங்லே?' (ஆங்கிலம் பேசுவீர்களா?) என்று கேளுங்கள். தெரிந்தும் பேச மாட்டார்கள் என்பதைவிட, தப்பாகப் பேசக் கூச்சம் என்பதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

லியோனிலிருந்து

சர்வர்கள் பற்றி நான் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்தும் பில் வரவில்லை என்றால் அது அலட்சியம் இல்லை. கேட்காமல் பில் வைப்பதுதான் அங்கே "எழுந்து போ" என்பது மாதிரி. 'லாதிசியோன், சில் வூ ப்ளே' என்று கேட்க வேண்டும். சேவைக் கட்டணம் மெனு விலையிலேயே அடக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை, பிடித்திருந்தால் சில்லறையை வைத்துவிட்டு வரலாம்.

வெறுமனே தண்ணீர் என்றால் காசுள்ள பாட்டில் வந்துவிடும். 'யூன் கராஃப் தோ' என்றால் குழாய்த் தண்ணீர், இலவசம். அடுப்பு பகல் 12 முதல் 2 வரை, பிறகு இரவு 7 மணிக்கு மேல்தான். மூன்று மணிக்குப் போய் நின்றுவிட்டு "துரத்திவிட்டார்கள்" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். 'செர்வீஸ் கோந்தினூ' (இடைவிடாத சேவை) என்று பலகை இருந்தால் நடுவிலும் சாப்பாடு கிடைக்கும். காபியை கவுன்டரில் நின்று குடித்தால் பெரும்பாலும் விலை குறைவு.

லா சப்பல் (பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி) பக்கமிருந்து

எல்லாத்தையும் பொய்யெண்டு தள்ளிவிடாதேங்கோ. அரசாங்கக் கந்தோர்களில காகிதத்தில பிடிவாதம் எண்டது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு தாள் குறைஞ்சாலும் உங்கட தொசியேயை (விண்ணப்பக் கோப்பை) திருப்பித் தந்துவிடுவினம். முகவரிக்குக் காட்டுற கரண்ட் பில் அண்மையில வந்ததா இருக்கவேணும். ஆற்றையும் வீட்டில இருக்கிறீங்களெண்டால் அவையின்ர உறுதிக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, அவையின்ர பேரில ஒரு பில், மூண்டும் தேவை. தமிழில இருக்கிற பிறப்புப் பத்திரத்தை, நீதிமன்றப் பட்டியலில இருக்கிற மொழிபெயர்ப்பாளரிட்டத்தான் குடுக்கவேணும். நல்லாத் தெரிஞ்ச ஆள் செய்த மொழிபெயர்ப்பெண்டு கொண்டுபோனால் அலைச்சல்தான். ஆனால் ஒண்டு, பிரெஞ்சுக்காரரையும் இதே மாதிரித்தான் அலைக்கழிக்கினம்.

துலூஸிலிருந்து

'சோம்பேறிகள்' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. சட்டம் சொல்லும் வாரம் 35 மணி நேரம் என்பது வேலையின் உச்சவரம்பு இல்லை, ஓவர்டைம் எங்கே தொடங்குகிறது என்பதற்கான கோடு. வாரம் 39 மணி நேரம் உழைத்து, மிஞ்சியதை ஓவர்டைமாகவோ விடுப்பு நாளாகவோ வாங்கும் நிறுவனங்கள் நிறைய. அதிகாரி நிலையில் பலருக்கு மணிக் கணக்கே கிடையாது, ஆண்டுக்கு 218 நாள் வரை வேலை என்று ஒப்பந்தம். ஐந்து வாரச் சம்பள விடுமுறை 1982 முதல் இருக்கிறது. ஆகஸ்டில் பக்கத்து பேக்கரி மூடியிருந்தால் கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள், திறக்கும் தேதி இருக்கும்.

வேலைநிறுத்தம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொதுச் சேவைகளில் திடீரென்று வருவதில்லை. அரசுத் துறையில் சங்கம் 5 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ரயில், மெட்ரோவில் முக்கியப் பணியில் இருப்பவர் ஒவ்வொருவரும் தான் வேலைநிறுத்தத்தில் சேர்வதை 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். அதனால்தான் எந்த ரயில் ஓடும் என்று முந்தின நாள் மாலை 5 மணிக்குள் ரயில் நிறுவனத்தின் செயலியில் வந்துவிடுகிறது. அதைப் பார்க்காமல் நிலையத்துக்குப் போகாதீர்கள்.

மறுபடி பாரிஸ்

'கோழைகள்' கேலியை யாரும் தொடவில்லை. முதல் உலகப் போரில் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை இழந்த நாடு அது. ஏறக்குறைய எந்தச் சிறு கிராமத்திலும் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலோடு ஒரு தூண் நிற்கும், ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு முறை வரும். 1940-இல் தோற்ற ஆறு வாரங்களிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அமெரிக்காவில் இந்தக் கேலி சூடுபிடித்தது 2003-இல், இராக் போருக்கு வர பிரான்ஸ் மறுத்தபோது. அமெரிக்க நாடாளுமன்ற கேன்டீனில் 'பிரெஞ்ச் ஃபிரைஸ்' பெயரையே மாற்றினார்கள், 2006-இல் பழைய பெயருக்கே திரும்பினார்கள்.